சிவப்பு வழியில் வந்த சைக்கிள்

விண்வழி வந்திறங்கும் பெட்டிகளின் வாயும் வயிறும் அறிந்தவரே! முப்பத்தோர் ஆண்டுகள் சுங்க மேசைக்குப் பின்னே முகம் சுளிக்காமல் நின்றவரே! பிறர் பெட்டியைத் திறந்தாலும் மடித்த துணியின் மடிப்புக் குலையாமல் திறந்து, இருந்தது இருந்தபடியே மூடித் தந்தவரே! விமான நிலையச் சுங்கப் பிரிவின் மூத்த அதிகாரியாக இன்று பணி நிறைவு காணும் அம்மையீர்! உடன் உழைத்த நாங்கள் உள்ளன்போடு தங்கள் முன் வைக்கும் மடல் இது.

இத்தகைய மடல்களை எங்களுள் ஒருவரே எழுதுவது வழக்கம். இம்முறை தங்கள் மாமனாரிடம் கேட்டோம். அவர் நாற்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். கூண்டில் ஏறிய சாட்சிகளுக்கெல்லாம் உறுதிமொழி சொல்லிக் கொடுத்தவர். எழுத இசைந்தார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "ஆபீஸ் தாள்ல 'நான்'னு ஒரு எழுத்து வரக்கூடாது. மாமனார்னே எழுதித் தர்றேன். நீங்க உங்க வாயால படிங்க." எழுதித் தந்ததை ஒரு புள்ளியும் மாற்றாமல் படிக்கிறோம்.

தங்கள் நேர்மையை இந்தக் கூடத்தின் தூண்கள் அறியும். முழங்கை வரை கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு ஒரு கனவான் நடந்து வந்தபோது, தாங்கள் சட்டம் பேசவில்லை. "மணி என்ன சார்?" என்று மட்டும் கேட்டீர்கள். அவர் எந்தக் கையைத் தூக்குவதென்று தெரியாமல் தாமாகவே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கள் நெஞ்சின் ஈரத்தையும் அறிவோம். ஐந்து ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பும் கூலித் தொழிலாளர்கள் தம் அட்டைப் பெட்டிகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொண்டுவருவார்கள். மற்றவர்கள் கத்தியை எடுத்தால் ஒரே வெட்டில் வேலை முடிந்துவிடும். தாங்களோ முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்ப்பீர்கள். பின்னால் வரிசை முணுமுணுக்கும். "திரும்பக் கட்ட அவருக்குக் கயிறு வேணும்ல?" என்பீர்கள். முப்பத்தோர் ஆண்டுகளில் தாங்கள் கயிற்றை வெட்டி யாரும் பார்த்ததில்லை.

இத்தோடு மடலை முடித்திருக்கலாம். ஆனால் பாதி சாட்சியம் சாட்சியமே அல்ல என்பது மாமனாரின் கொள்கை. ஆகவே சைக்கிள் கதையையும் சொல்லியாக வேண்டும்.

மாமனாருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது தங்கள் குடும்பம் முழுக்க அறிந்த செய்தி. "நம்ம வீட்டு ஆம்பளைங்க நடந்துதான் போவாங்க. குனிஞ்சு மிதிக்கிற வேலை நமக்கு ஆகாது" என்று அவர் சொல்லிச் சொல்லி அது குலப்பெருமையாகவே ஆகிவிட்டது. உண்மை வேறு. பதினாறு வயதில் தெருவே பார்த்துக்கொண்டிருக்க அவர் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தார். அன்று எழுந்த சிரிப்புக்கு அஞ்சி ஐம்பது ஆண்டுகள் நடந்தார். இது இதுவரை யாருக்கும் தெரியாது. இன்று தெரிந்துகொள்ளட்டும்.

வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் தங்களை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டார். தங்களுக்கோ காலை அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு ஓடும் பழக்கம். நேர்ச்சாலையில் வந்தால் பணியாளர் வாசலுக்கு மூன்று கிலோமீட்டர்தான். நடந்தால் முக்கால் மணி நேரம், பேருந்திலோ இரண்டு மாற வேண்டும். அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் தங்கள் உணவு நேரம் முடிந்திருக்கும். ஆறிய டப்பாவோடு அவர் திரும்பிப் போன நாள்கள் பல. அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தம் அறுபத்தாறாம் வயதில், வெளிநாட்டிலிருக்கும் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கப் போனார். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தபால்காரர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. தபால்காரரிடம் முப்பது ஆண்டு கடிதம் சுமந்த சைக்கிள் ஒன்று சும்மா கிடந்தது. மாமனார் அதைத் தினமும் நின்று பார்ப்பதைக் கண்டு, ஒரு நாள் காலை அவர் கையைப் பிடித்து ஆளில்லாத பள்ளி மைதானத்துக்கு அழைத்துப் போனார். பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டே ஓடினார். மாமனார் விழும்போதெல்லாம் ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். அதற்கு என்ன பொருள் என்று மகளிடம் கேட்டதற்கு 'மறுபடியும்' என்றாளாம். மூன்றாவது வாரத்தில் தபால்காரர் கையை எடுத்தது மாமனாருக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றார்.

ஊர் திரும்பும்போது தபால்காரர் சைக்கிளையே கொடுத்துவிட்டார். தவறு அங்கேதான் தொடங்கியது. அழுக்குப் பொருளைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கினால் குடும்பத்துக்கு இழுக்கு என்று நினைத்த மாமனார், மூன்று நாள் உட்கார்ந்து அதைத் தேய்த்தார். சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். கரும்பச்சை வண்ணம் பூசினார். இரண்டு டயரையும் புதிதாக மாற்றினார். பிறகு சைக்கிள் கடையில் ஓர் அட்டைப் பெட்டி வாங்கி அதில் வைத்துக் கட்டினார். பெட்டியின் மேல் பளபளவென்று ஒரு புதுச் சைக்கிளின் படம் அச்சடித்திருந்தது. படிவத்தில் எழுதியது மட்டும் உண்மை: 'சொந்த உபயோகத்தில் இருந்த பழைய சைக்கிள், ஒன்று.'

சொல்ல வேண்டிய பொருள் ஏதும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழி காலியாகக் கிடந்தது. அவர் சிவப்பு வழியில் வந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார், அது அவர் வளர்ந்த விதம். மேசையில் தாங்கள் நிற்பதைக் கண்டதும் மலர்ந்து போனார். தாங்களும் மலர்ந்தீர்கள். "வாங்க மாமா, உடம்பு நல்லா இருக்கா?" என்றீர்கள். ஆனால் அவர் நீட்டிய படிவத்தை வாங்கவில்லை. அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த இளம் அதிகாரியைக் கூப்பிட்டு, "இவர் என்னோட மாமனார். நான் பார்க்கக்கூடாது, நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தீர்கள்.

உறவினரின் பெட்டியை அதிகாரி தொடக்கூடாது என்பது விதி. நீதிமன்றத்திலும் அப்படித்தான். அது மாமனாருக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும், கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தபோது, யாரோ நடுச்சபையில் தோளைப் பிடித்துத் தள்ளியது போல் இருந்தது.

இளம் அதிகாரி பெட்டியின் படத்தைப் பார்த்தார். உள்ளே மின்னிய வண்ணத்தைப் பார்த்தார். டயரில் விரலை ஓட்டினார். "புதுசா வாங்கிட்டுப் பழசுன்னு எழுதியிருக்கீங்களே ஐயா" என்றார்.

"எழுதினது எழுதினதுதான்" என்றார் மாமனார்.

பாவம், புதியவர். வேறு வழி தோன்றாமல் தங்கள் பக்கம் திரும்பினார். "மேடம், சொந்த உபயோகம்னு எழுதியிருக்கார். உங்க மாமனாருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

மாமனார் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சு, தெரியாது" என்றீர்கள்.

எத்தனையோ சாட்சிகளைக் கூண்டில் ஏற்றியவர், அன்று முதன்முறையாகத் தாமே அதில் ஏறி நின்றதாக உணர்ந்தார். அவர் எழுதியதைப் பொய்யென்று சொல்ல வேறு யாரும் வேண்டியிருக்கவில்லை; வீட்டு மருமகளே போதுமாக இருந்தது. தாங்கள் பதிவேட்டை எடுத்து நின்றபடியே ஏதோ எழுதி இளம் அதிகாரியிடம் நீட்டியதையும் பார்த்தார். புகார் எழுதுகிறாள் என்று நினைத்தார். அதிகாரி படித்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஐயா, ஓட்டிக் காட்ட முடியுமா?"

வரிசையில் எவரோ, "இங்க லைசென்ஸும் குடுக்கறாங்களா?" என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள். பதினாறு வயதில் கேட்ட அதே சிரிப்பு.

மாமனார் சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்தார். பெட்டியிலிருந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். முன் சக்கரத்தைப் பூட்டி, கைப்பிடியை நேராக்கினார். வலப் பெடலை வலமாகத் திருகியவர், இடப் பெடலை எடுத்ததும் யோசிக்காமல் இடமாகத் திருகினார். இடப் பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது சைக்கிளோடு பழகியவருக்குத்தான் தெரியும். அப்போதே தமக்குப் பாதி ஐயம் தீர்ந்துவிட்டதாக அந்த அதிகாரி பின்னாளில் சொன்னார். டயரில் காற்றில்லை. பெட்டியிலேயே இருந்த பம்பை எடுத்து, சக்கரத்துக்கு எண்பது வீதம் அடித்தார். உதவிக்கு வந்தவரைக் கையால் தடுத்தார். பிறகு முதுகெலும்பு வளையாமல் ஏறி உட்கார்ந்து மிதித்தார்.

பெட்டிகள் சுற்றிவரும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே போனார். தள்ளுவண்டியோடு குறுக்கே வந்த ஒருவருக்கு மணி அடித்தார். திரும்பும் இடத்தில் பளிங்குத் தரை வழுக்கிச் சைக்கிள் ஒருமுறை தடுமாறியது. யானைக்கும் அடி சறுக்கும். அந்த நொடியில் தாங்கள் மேசைக்கு முன் தரையிலிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரடி எடுத்து வைத்தீர்கள். பிறகு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டீர்கள். அதையும் அவர் பார்த்தார். அதற்கும் தப்பான பொருள்தான் எடுத்துக்கொண்டார். அவர் மேசையருகே வந்து இறங்கியபோது சிரித்தவர்களே கை தட்டினார்கள். முத்திரை விழுந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்த மகன், அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவதைக் கண்டு வேறு யாரோ என்று வழி விட்டு ஒதுங்கினான்.

அன்றிலிருந்து வீட்டில் தங்களுக்கு 'அம்மா' என்ற அழைப்பு நின்றது. 'ஆபீசர்' என்ற பட்டம் வந்தது. "ஆபீசருக்குக் காபி வேணுமான்னு கேளு." "ஆபீசர் சொன்னா சரியாத்தான் இருக்கும்." தாங்கள் ஒரு நாளும் எதிர்வார்த்தை பேசவில்லை, கூப்பிட்டால் "சொல்லுங்க மாமா" என்று வந்து நின்றீர்கள்.

ஆனால் எதற்காக அந்தச் சைக்கிளைக் கொண்டுவந்தாரோ அந்த வேலையை அவர் நிறுத்தவில்லை. ஒன்பது ஆண்டுகளாக, தங்களுக்குப் பணி உள்ள நாளெல்லாம், பகல் பன்னிரண்டே முக்காலுக்குப் பணியாளர் வாசலில் இரண்டு மணியோசை கேட்கும். டப்பாவைக் காவலரிடம் கொடுத்து, "ஆபீசருக்கு" என்று ஒரே சொல் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். அதன்பின் தாங்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்த நாளே இல்லை. மறதி இவ்வளவு ஒழுங்காக வருமா என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். டப்பா எப்போதும் சூடாக இருக்கும்.

சென்ற வாரம் மாமனார் இம்மடலுக்காகக் குறிப்பெடுக்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அன்றைய இளம் அதிகாரிதான் இன்றைய எங்கள் பிரிவுத் தலைவர். அவர் அலமாரியிலிருந்து பழைய பதிவேடு ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தை விரித்து அவர் முன் வைத்தார். தங்கள் கையெழுத்து. நேரம், காலை ஒன்பது மணி பத்து நிமிடம்.

'பயணி என் மாமனார் என்பதால் விலகிக்கொள்கிறேன். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது நான் அறிந்தது. அவர் பொய் எழுதிக் கையெழுத்திட மாட்டார் என்பதும் நான் அறிந்தது. இவ்விரண்டில் நான் அறியாதது எதுவோ அதை அவரிடமே கேட்டு முடிவு செய்யவும்.'

மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். எழுத்தராக இருந்தவர், நேரத்தைத்தான் முதலில் பார்த்தார். அவர் சைக்கிளில் ஏறியபோது கூடத்துக் கடிகாரம் ஒன்பது ஐம்பது. தாங்கள் எழுதியது அவர் ஓட்டிக் காட்டுவதற்கு நாற்பது நிமிடம் முன்பு.

"இதைப் படிச்சதாலதான் ஓட்டிக் காட்டச் சொன்னேன் ஐயா" என்றார் பிரிவுத் தலைவர். "இல்லேன்னா புதுசுன்னு எழுதி அப்பவே முடிச்சிருப்பேன்."

"இத்தனை வருஷமா ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

"மேடம் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. 'அவர் ஓட்டிக் காட்டி ஜெயிச்சதாவே இருக்கட்டும். மருமக எழுதிக் குடுத்து வெளிய வந்தார்னு ஆகக்கூடாது, அவர் தாங்க மாட்டார்'னாங்க."

மாமனார் தண்ணீர் கேட்டார். கொடுத்ததைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தார். குடும்ப மானத்தைத் தாம் காத்து வருவதாக எழுபத்தைந்து வயது வரை நம்பியிருந்தவர் அவர். காத்தது யார் என்பது அந்தப் பக்கத்தில் நீல மையில் இருந்தது. புறப்படும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "விழப் போறேன்னுதான் அந்த ஓரடி வெச்சிருக்கா. என்னைத் தடுக்க வர்றாள்னு நெனச்சேன்."

அம்மையீர்! முடிச்சை வெட்டாமல் அவிழ்க்கும் கலையைத் தாங்கள் மேசையில் மட்டும் காட்டவில்லை என்று இப்போது அறிகிறோம். ஒன்பது ஆண்டு முடிச்சு ஒன்றை, நகம் வலிக்க வலிக்கப் பொறுமையாகப் பிடித்திருந்தீர்கள். நாளை முதல் பன்னிரண்டே முக்காலுக்கு மணியோசை இராது. காவலர் இப்போதே கவலைப்படுகிறார். அவருடைய கடிகாரம் ஓடுவதே அதை வைத்துத்தானாம்.

தங்கள் கால்கள் இனி ஓய்வு காணட்டும். கண்கள் பெட்டிகளை விட்டுப் பிள்ளைகளைப் பார்க்கட்டும். சாப்பாடு சூடாக, நேரத்துக்கு, உட்கார்ந்து உண்ணக் கிடைக்கட்டும். நோயின்றி, குறையின்றி, நூறாண்டு காணுங்கள்.

முன்வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பவருக்கு ஓர் ஏற்பாடு உண்டு. சட்டமிட்ட இம்மடலைச் சைக்கிளின் பின்னிருக்கையில் வைத்துக் கட்டுவதற்குக் கயிறு கொண்டுவந்திருக்கிறார். தங்களைப் பின்னால் ஏற்றிக்கொள்ள முழங்கால் இடம் கொடுக்கவில்லையாம். மூன்று கிலோமீட்டரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தங்களோடு நடந்து வருவாராம். தங்கள் வீட்டு ஆண்கள் நடந்துதானே போவார்கள்!

இன்று மாலையோடு 'ஆபீசர்' பட்டமும் ஓய்வு பெறுகிறது. கையொப்பத்துக்குக் கீழே அவர் ஒரு வரி எழுதியிருக்கிறார். அதை நாங்கள் படிக்கக்கூடாதாம். தாமே எழுந்து வந்து சொல்வாராம்.

என்றும் தங்கள் அன்பை மறவா,
விமான நிலையச் சுங்கப் பிரிவுப் பணியாளர்கள்

அம்மா, கெளம்பலாமா?