மூலைச் சோபாவில் தூங்கிய குழந்தைகள்

சொக்காத்தா பானத்தில் சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்த்தால் குழந்தைகள் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிடும், மேடம். எல்டர் மரத்து வெள்ளைப் பூவை மூன்று நாள் ஊறவைத்து, எலுமிச்சை பிழிந்து, வடிகட்டி, நானே வீட்டில் செய்து எடுத்துப் போவேன். கடையில் வாங்கும் புட்டிகளில் அந்த வாசனை இருக்காது.

எங்கள் ஊர் விமான நிலைய லவுஞ்சின் வாசல் மேசையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். லவுஞ்ச் அட்டை வைத்திருப்பவர் ஒரு விருந்தினரை அழைத்து வரலாம் என்பது விதி. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை கணக்கில் வராது. இரண்டு முடிந்த மறுநாளே அதுவும் ஒரு விருந்தினர். விதியை எழுதியவர்கள் குழந்தையோடு பயணம் செய்தவர்களாக இருக்க முடியாது. ஒரு பெண் கையில் ஒன்று, பக்கத்தில் இரண்டு என்று வந்து நிற்பாள். கணவன் இத்தாலியில் கட்டட வேலையில் இருப்பான். அவளிடம் போய், மூத்தது வெளியே நிற்கட்டும் என்று எப்படிச் சொல்வது? நான் எல்லாரையும் உள்ளே விட்டேன். எத்தனையோ தாய்மார்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

ஆனால் லவுஞ்சுக்கு வருகிறவர்கள் அமைதிக்காக வருகிறார்கள். வக்கீல் ஸம்ஃபிர் வாரத்துக்கு ஒருமுறை தலைநகருக்குப் பறப்பவர். எழுபது வயது, நாக்கு மட்டும் இருபது. ஒருநாள் மேசைக்கு வந்து நின்றார்.

"ஒட்டிலியா, இது லவுஞ்சா, பாலர் பள்ளியா? அங்க ஒரு குட்டிக் கனவான் என் ஷூவுக்குள்ள ஆலிவ் கொட்டையா சேர்த்து வெச்சிருக்கார். ஏழு கொட்டை. எண்ணிட்டேன்."

அவர் சிரிப்பாகச் சொன்னார். மற்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் மேலாளர் பெட்ரோனேலா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அக்கா, இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும். பன்னண்டு வயசுக்குக் கீழ யாருக்கும் இடமில்லைன்னு வாசல்ல எழுதி ஒட்டிடுவேன். அப்புறம் நீங்க அழுதாலும் கிழிக்க மாட்டேன்."

எழுதி ஒட்டிவிட்டால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? நான் யோசித்தது அவ்வளவுதான்.

என் அம்மா கடைசி இரண்டு வருஷம் புத்தி பேதலித்துக் கிடந்தாள். ராவெல்லாம் கத்துவாள். டாக்டர் சொட்டு மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். அதைக் கொடுத்த பிறகு வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்டது. அம்மா போன பிறகும் கிளினிக்கில் யாரும் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடிக்கவில்லை. மாதாமாதம் மருந்துச் சீட்டு வந்தது. வாங்காமல் விட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒரு மூன்று வயதுப் பையன். கரண்டியால் கண்ணாடிச் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவன் அம்மா விடியற்காலையிலிருந்து பஸ்ஸில் வந்தவள், கண் சொருகிக் கிடந்தாள். அவனுக்கு ஒரு கோப்பை சொக்காத்தா கலந்தேன். மருந்து கொஞ்சமே கொஞ்சம். சற்று நேரத்தில் மூலைச் சோபாவில் சுருண்டு தூங்கிப்போனான். அவளும் தூங்கினாள். நான் இருவருக்கும் போர்வை போர்த்தினேன். அந்த முகங்களைப் பார்த்திருந்தால், மேடம், நீங்களும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அதற்குப் பிறகு புகார் வரவில்லை. வாசலில் எதுவும் ஒட்டப்படவில்லை. ஒட்டிலியா இருக்கிற நாளாகப் பார்த்து டிக்கெட் எடு என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம்.

"என்ன மந்திரம் போடறீங்க?" என்று ஸம்ஃபிர் கேட்டார்.

"தேன், வக்கீல் சார்."

ஒரு குழந்தை எழுந்திருக்கவில்லை, தூக்கிக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள். இன்னொன்று வாந்தி எடுத்தது. ஒரு பெண் மாட்ரிட்டிலிருந்து போன் செய்து, பிள்ளை மறுநாள் மத்தியானம் வரை தள்ளாடினான், என்ன சாப்பிட்டான் என்று கேட்டாள். பயணக் களைப்பு என்றேன். குழந்தைகள் களைத்துத்தான் போகும்.

போன வருஷம் ஜனவரியில் மூடுபனி இறங்கிய அந்தச் சனிக்கிழமை உங்கள் கோப்பில் இருக்கும். காலையிலிருந்து ஒரு விமானமும் கிளம்பவில்லை. பத்து மணிக்கு ஸம்ஃபிர் வந்தார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு சிவப்புக் கோட்டு போட்ட ஒரு சிறுமி.

"சிரிக்காதீங்க ஒட்டிலியா. ஊரையெல்லாம் குறை சொன்னவன் இன்னிக்கு நானே ஒண்ணக் கூட்டிட்டு வந்திருக்கேன். என் பேத்தி இலிங்கா. இன்னிக்கு என் விருந்தாளி."

"தாத்தா பொய் சொல்றார்," என்றாள் அவள். "தாத்தாதான் என் விருந்தாளி. நான்தான் அவரை அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

அவள் அம்மா இத்தாலியில், தூரினில் நர்ஸ். வீடு பார்த்துவிட்டாள், பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள், இனி மகள் அவளோடுதான். இலிங்காவுக்கு நாலரை வயது.

சளசளவென்று பேசுகிற குழந்தை. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும்போதெல்லாம் நாற்காலி மேல் ஏறி நின்று, கரண்டியை வாயருகே பிடித்துக்கொண்டு, "பயணிகள் கவனத்துக்கு. மூடுபனி மாமா இன்னும் தூங்கி எழுந்திருக்கல. அவர் பல் தேய்ச்சதும் விமானம் கிளம்பும்" என்பாள். லவுஞ்சே சிரித்தது. எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரும் சர்க்கரை ஆலை முதலாளிகூட, "பாப்பா, மாமா பல் தேய்ச்சாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று யாரும் புகார் சொல்லவில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. அவளும் ஏறிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரல் எனக்குள் எங்கேயோ போய்த் தட்டியது. இப்போது சிரிக்கிறார்கள், இன்னும் ஒரு மணி நேரம் போனால் சிரிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

ஒரு கோப்பை குடித்தாள். கண்ணைக் கசக்கினாள். ஆனால் தூங்கவில்லை. என் மேசைக்கு வந்து விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, எனக்குத் தூக்கம் வேணாம். அம்மா பாக்கறப்ப நான் முழிச்சிருக்கணும்."

"சரி கண்ணு. அப்ப இன்னொண்ணு குடி. தெம்பா இருக்கும்."

இரண்டாவது கோப்பையைக் குடித்துவிட்டு நன்றி சொன்னாள். நல்லபடியாக வளர்த்த பிள்ளை.

ஸம்ஃபிர் தம் மேல்கோட்டை அவளுக்குப் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளைப் பிரித்தார், படிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குப் பனி விலகியது. விமானத்துக்கு அழைத்தார்கள். அவர் குனிந்து அவளைத் தூக்கினார். அவள் கையை எடுத்துத் தம் தோளில் போட்டார். அது நழுவி விழுந்தது. மறுபடி எடுத்துப் போட்டார். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை அவர் என்னைப் பார்த்தார்.

ஆட்கள் ஓடி வந்தார்கள். விமான நிலைய டாக்டர் வந்தார். நான் மேசையை ஒழித்துக் கோப்பைகளைக் கழுவினேன். அது தினமும் நான் செய்கிற வேலை.

உடலில் தூக்கம் தரும் மருந்து இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. பயணத்தில் வாந்தி வராமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்தேன் என்று ஸம்ஃபிர் தாமாகவே சொன்னார். அந்த மாத்திரையும் தூக்கம் தருவதுதான். அளவு தவறியிருக்கும் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வக்கீல் அல்லவா, எதையும் மறைக்கவில்லை. வயதையும் துக்கத்தையும் பார்த்து நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஸம்ஃபிரின் மகள் வந்து குழந்தையின் உடலைத் தூரினுக்குக் கொண்டுபோனாள். போகும்போது அப்பாவிடம் ஒரே வார்த்தை சொன்னாள்: "உங்க கையால இனிமே எனக்கு ஒரு வாய் தண்ணிகூட வேணாம்."

அவர் மாதம் ஒருமுறை தூரினுக்குப் போய்க் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டு வருவார். மகள் உள்ளே இருந்தால் இவர் நுழைவதில்லை. போகும் வழியில் எங்கள் லவுஞ்சில் அதே சோபாவில் உட்காருவார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.

"பாதி மாத்திரை போதும்னு தோணிச்சு ஒட்டிலியா. முழுசாக் குடுத்துட்டேன்."

"உங்க மேல தப்பில்ல, வக்கீல் சார்."

"நீங்க நல்லவங்க. அதான் அப்படிச் சொல்றீங்க."

ஒவ்வொரு மாதமும் இதையே பேசுவோம். நான் அவரிடம் பொய் சொன்னதில்லை, மேடம். அவர் மேல் தப்பில்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

பெட்ரோனேலா வாசலில் அறிவிப்பை ஒட்டிவிட்டாள். இப்போது குழந்தைகள் வருவதில்லை. லவுஞ்ச் அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியில்தான் மூச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மூலைச் சோபாவிலிருந்து மெதுவாக, ஆழமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டு. அந்த இடைவெளியில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சோபாவை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். சத்தம் மாறவில்லை. பிறகு வீட்டுக்கும் வந்தது. அம்மாவின் சொட்டு மருந்தை நானே குடித்துப் பார்த்தேன். தூக்கம் வந்தது. தூக்கத்துக்குள் அந்த மூச்சு எனக்கு முன்பே போய்க் காத்திருந்தது. ஒன்றல்ல, பல மூச்சுகள்.

போன மாதம் ஸம்ஃபிர் இறந்துபோனார். சாப்பாட்டை நிறுத்திவிட்டாராம். மகள் வரவில்லை. அடக்கத்துக்கு ஐந்து பேர், என்னையும் சேர்த்து. அதன் பிறகுதான் உங்களிடம் வந்தேன்.

அவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன். பேத்தி போய்விட்டாள், மகள் பேச மாட்டாள். அந்த மனிதருக்கு மிச்சம் இருந்தது பிடித்துக்கொள்ள என் கை ஒன்றுதான். அதையும் எப்படிப் பிடுங்குவது? அவருக்காகத்தான் பேசாமல் இருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று காலை மேசையில் பெயர் எழுதும்போதே அவர் சொன்னார்: "வீட்ல கிளம்பறப்பவே வாந்தி மாத்திரை குடுத்துட்டேன், லேசா மயக்கமா இருப்பா, பாத்துக்குங்க." எனக்கு நன்றாகக் காது கேட்கும். கேட்ட பிறகுதான் முதல் கோப்பையைக் கலந்தேன். அவள் தூக்கம் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் இரண்டாவதைக் கலந்தேன். அதில் முதலில் விட்டதைவிட அதிகம் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

மொத்தம் எத்தனை குழந்தைகள் என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது, மேடம். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை யாராவது எண்ணுவார்களா?