மைத்துனன் பார்த்த சிவப்பு

உலகத்தில் பாதிப் பேர் என்னைக் கேட்காமல் எந்த இணையதளத்துக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. மீதிப் பாதிப் பேரிடம் கணினி இல்லை. சிரிக்கிறீர்களே மேடம், சிரியுங்கள். விசாரணை அறையில் சிரித்த முகம் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

பிரவுசரில் முகவரி தெரியும் பட்டை இருக்கிறதல்லவா? அதன் ஓரத்தில் பூட்டுப் படம் போடுவதும், ஆபத்தான தளம் என்றால் திரை முழுக்கச் சிவப்பாக்குவதும்தான் ஓய்வு பெறும்வரை என் பிழைப்பு. மனிதனை அளவாகப் பயமுறுத்த வேண்டும். குறைந்தால் கண்டுகொள்ளாமல் உள்ளே போய்விடுவான். கூடினால் கணினியையே அணைத்துவிட்டுப் படுத்துவிடுவான். அந்தக் கைப்பக்குவம் என்னைவிட்டால் யாருக்கும் கிடையாது. நான் குழைத்த சிவப்பைப் பார்த்து ஒரு திருடன் தன் சொந்தத் தளத்தைத் திறக்கப் பயந்து தொழிலையே விட்டான் என்றால் பாருங்கள்.

என் மனைவியின் தம்பி இதை நம்பவில்லை. எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். கடைத் தராசுகளைச் சோதிக்கும் ஆய்வாளராக இருந்தவன். காற்றைக்கூட நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மூச்சிழுப்பான். என் பணிநிறைவு விழாவில் மைக்கைப் பிடித்தான்.

"மச்சான், உங்க பூட்டை இதுவரைக்கும் ஒருத்தனாவது பார்த்திருப்பான்கிறீங்க? படத்தைப் பார்ப்பான், விலையைப் பார்ப்பான், அமுக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பான்."

கூடமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள்.

அவன் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். சோதனை அறையில் ஆட்களை உட்காரவைத்துப் போலி வங்கிப் பக்கத்தைக் காட்டுவோம். பெரும்பாலோர் பட்டைப் பக்கம் தலையைக்கூடத் தூக்கமாட்டார்கள். அதனால்தான் அவன் ஒருவனையாவது பார்க்கவைக்க வேண்டியிருந்தது.

அவன் பிரவுசரில் ஒரு புள்ளி வைத்தேன். தளம் திறந்ததும் கொஞ்ச நேரம் சுழலும், பிறகு பச்சையோ சிவப்போ ஆகும். தளத்தைச் சோதிக்கும் புது ஏற்பாடு என்று சொல்லிவைத்தேன். அது எதையும் சோதிக்கவில்லை மேடம். அவன் திறப்பதெல்லாம் என் கைப்பேசியில் தெரியும். நிறத்தை நான் போடுவேன். செருப்புக் கடைக்குச் சிவப்புப் போட்டேன், மூடினான். வானிலைக்குப் போட்டேன், அதையும் மூடினான். கேட்டால், "செருப்பு பிடிக்கல, மூடிட்டேன். உங்க புள்ளியை எவன் பார்த்தான்?" என்பான்.

சில்லறை விஷயத்துக்கெல்லாம் மசியமாட்டான் என்று புரிந்தது.

அப்புறம் அவனுக்குச் சாப்பாடு தொண்டையில் சிக்க ஆரம்பித்தது. அங்கிருந்து ஒரு சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு பரிசோதனைக்கூடத்தின் தளத்தில் வந்தது. துணைக்கு எங்களைக் கூப்பிட்டான். அவன் முதுகுக்குப் பின்னால் நின்றோம். படித்தான். புற்றுநோய் என்று போட்டிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து படித்தான். என் மனைவி என் தோளைப் பற்றினாள், நகம் பதிந்தது. புள்ளி சுழன்றுகொண்டிருந்தது.

என் கட்டைவிரல் சட்டைப்பைக்குள், கைப்பேசி மேல் இருந்தது.

சிவந்ததும் அவன் விட்ட மூச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "போலிப் பக்கம்க்கா. எவனோ நம்மளை மிரட்டிப் பார்க்கிறான்." அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவ்வளவு பயத்தை ஒரே தொடலில் எடுத்தவன் நான். எந்த மருத்துவரால் முடியும்?

பரிசோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தது. மோசடிக்காரன் என்று திட்டிவிட்டு வைத்தான். பக்கம் போலி என்றால் நோயும் போலி என்பது அவன் கணக்கு.

உண்மையைச் சொல்லத்தான் இருந்தேன். அவன் ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டால் போதும். தினமும் மாடியேறிக் கேட்டேன்.

"அன்னைக்குச் செவப்பைப் பார்த்துத்தானே மூடின?"

"இல்ல மச்சான். அந்தப் பக்கத்துல எழுத்தே சரியில்ல. நானாத்தான் கண்டுபிடிச்சேன். தராசு பார்த்த கண்ணு."

பிறகு எதையும் கரைத்துத்தான் குடித்தான். பிறகு தண்ணீரும் இறங்கவில்லை. குரல் கம்மியது. வாழ்க்கையில் நான் உண்மையாகப் பயந்தது அப்போதுதான் மேடம். ஒப்புக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்துவிடுவானோ என்றுதான். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். தம்பி மேல் எனக்கு இவ்வளவு பாசமா என்று என் மனைவி தலையைத் தடவிக்கொடுத்தாள். இப்போது நான் கைப்பேசியை எடுத்தாலே சுவரோரம் ஒதுங்குகிறாள்.

மருத்துவமனைக்குத் தூக்கிப்போனபோது, முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு, புள்ளி எப்படி வேலை செய்தது என்று அவனுக்கு விளக்கினேன். பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போல. என்னையே வெறித்துப் பார்த்தான். போர்வையை இழுத்து இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டான். மறுபடியும் அதையே கேட்டேன். என் மனைவி கதவருகே நின்றிருந்தாள். அவளையும் கேளுங்கள், சாட்சி சொல்வாள்.

வெறும் காற்றாகத்தான் வந்தது அவன் குரல்.

"ஆமா மச்சான். எல்லாத்தையும் படிச்சேன். நெசம்னுதான் தோணுச்சு. செவப்பாச்சு... அதைத்தான் நம்புனேன்."