மூணு அடிச் சார்ப்பு

இல்லிங்க ஐயா, "தாழ்மையுடன்"னு போடாதீங்க. தாழ்ந்து தாழ்ந்துதான் இந்தக் கதிக்கு வந்து நிக்கறேன். கொஞ்சம் வெறைப்பாவே எழுதுங்க. பஞ்சாயத்து போர்டுக்கு, மனுதாரர் துளசிங்கம், டிபன் கடை, சன்னதித் தெருன்னு மேல போட்டுட்டீங்களா? ஆங், அது போதும். தெலுங்குலதானே எழுதிகினு இருக்கீங்க? தமிழ்ல குடுத்தா மேசை மேலயே கெடக்குமாம். ரெண்டு வருஷமா நம்ம ஊரு ஆந்திராவாச்சே. எங்க நைனா காலத்துலருந்து ரெண்டும்தான் பேசறோம், எழுதத்தான் ஒண்ணுமே வரல. அதனாலதான் ஒங்க மாதிரி பெரியவங்களத் தேடி வர்றது, வேதாசலம் ஐயா மனு எழுதினா போர்டே எழுந்து நிக்கும்னு சொன்னாங்க.

விஷயம் என்னான்னா, சார்ப்புங்க. கடைக்கு முன்னால, தெருப் பக்கமா, மூணே அடி தள்ளி ஒரு தகரச் சார்ப்பு எறக்கி, அடுப்ப வெளிய எட்த்தாந்து வெச்சேன். உள்ள வெச்சா பொகை. வெளிய வெச்சா, மலையெறங்கி பசியோட வர்றவன் மூக்க இட்லி ஆவியே புடிச்சி இழுத்துகினு வந்துரும். யாருக்கு என்னாங்க கஷ்டம்? எருமை போவுது, வண்டி போவுது, காவடி போவுது. கொஞ்சம் ஒருக்களிச்சிப் போனா எல்லாம் போவும்.

அதுக்கு நோட்டீசு. மொத நோட்டீச நான் படிக்கல, வடை மடிச்சிக் குடுத்துட்டேன். ரெண்டாவது நோட்டீச கதவுலயே பசை தடவி ஒட்டிட்டாங்க. அப்புறம் ஓவர்சியர் சேஷகிரி சங்கிலி எட்த்துகினு அளக்க வந்துட்டாரு. நான் கேட்டேங்க. ஐயா, இந்த ஊரு அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னு பெரிய பெரிய மனுஷங்க இன்னும் பேசிகினே இருக்காங்க. அவ்ளோ பெரிய எல்லைக்கு ஒரு அவசரமும் இல்ல, என் அடுப்பு மூணு அடி தள்ளினதுக்கு மட்டும் சங்கிலியான்னு கேட்டேன்... ஐயய்யோ, அத்த எழுதாதீங்க. அடிச்சிருங்க, நல்லா கறுப்பா அடிச்சிருங்க.

பதினஞ்சு நாள்ல பிரிக்கலன்னா நாங்களே பிரிப்போம்னாரு. சொன்ன மாதிரியே பதினாறாம் நாள் காலைல கடப்பாரையோட நாலு ஆளுங்க. வந்து பாத்தா, சார்ப்புக் காலாண்ட ஒரு வேலு. மஞ்சளு பூசி, குங்குமம் வெச்சி, அரளி மாலை போட்டுகினு நிக்குது. எந்தப் புண்ணியவான் நட்டானோ. ஆளுங்க கடப்பாரைய கீழ வெச்சிட்டு கன்னத்துல போட்டுகினாங்க. சேஷகிரி செருப்பக் கழட்டிட்டாரு. அப்புறம் சங்கிலிய சுருட்டிக் கக்கத்துல வெச்சிகினு போயிட்டாரு. நான் தப்பிச்சேன்டா சாமின்னு அன்னிக்கி வந்தவங்களுக்கெல்லாம் கேசரி இனாமாவே குடுத்தேன்.

ஆனா இந்த ஊரு சனம் சும்மா இருக்குமா? மலையேற முடியாதவங்க, முட்டி வலிக்காரங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சின்றவங்க, எல்லாம் இங்கயே சூடம் கொளுத்திட்டுப் போறாங்க. அம்மையார்குப்பத்துலருந்து ஒரு நெசவுக்காரம்மா, மகளுக்குக் கல்யாணம் குதிர்ந்துச்சின்னு பட்டுத் துணி கொண்டாந்து சாத்திச்சி. அது தெரிஞ்சி போர்டு மெம்பரு பங்காரு வெள்ளிக்கெழம தவறாம பால் அபிஷேகம் பண்றாரு. அந்தப் பாலு நேரா ஓடி வந்து என் அடுப்புக்குள்ள எறங்குதுங்க. தணலு அணைஞ்சி, இட்லி பாதி வேக்காட்டுல நிக்குது.

போன மாசம் போர்டுல தீர்மானம் போட்டாங்க. சாமி நிக்கற எடத்த யாரும் தொடக்கூடாது, சார்ப்பு அப்படியே இருக்கலாம். ஆனா சாமிக்குப் பத்தடிக்குள்ள அடுப்பு, எச்சில் எல, வெங்காயம் ஒண்ணும் இருக்கக்கூடாது. பத்தடி ஐயா. என் கடையே எட்டடி.

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்குது. திருவாலங்காடு, கனகம்மாசத்திரம், எல்லாப் பக்கத்துலருந்தும் காவடிக்காரங்க வந்து குமிஞ்சிருவாங்க. வருஷம் பூரா நாங்க சாப்புடறது அந்த நாலு நாள் வேவாரத்துலதாங்க. அடுப்ப எங்க வெக்கிறது, ஜெயம்மா தலை மேலயா? ஜெயம்மா எங்க வீட்டுக்காரி. அவ அன்னிக்கே சொன்னா, சாமிகிட்ட வெளயாடாதய்யான்னு... எந்த வெளயாட்டா? ஒண்ணுமில்லிங்க, அவ பொதுவா சொல்லிகினே இருப்பா.

நான் போயி சேஷகிரி காலப் புடிச்சேன். ஐயா, நீங்களே வந்து சார்ப்ப இடிச்சிருங்க, நானும் ஒரு கடப்பாரை புடிக்கிறேன்னேன். போர்டு இனிமே கை வெக்காதுன்னுட்டாரு. நட்டவன் யாருன்னு தெரிஞ்சா, அனுமதி இல்லாம பொதுத் தெருவுல நட்டான்னு அவன் மேல மனு குடு, நட்டவனே எட்த்துகினு போயி வேற எடத்துல வெக்கணும்னு நான் உத்தரவு வாங்கித் தர்றேன்னாரு. அதுக்குத்தான் வந்தேன்.

எழுதுங்க. மேற்படி வேலு மூணரை அடி ஒசரம். இரும்புக் கம்பி, நுனியில பித்தளத் தகடு. கம்பியோட அடி நுனி லேசா வளைஞ்சி, கறுத்துப் போயி இருக்கும், அடுப்புத் தணல கிளறிக் கிளறி...

ஏன் நிறுத்திட்டீங்க? மண்ணுக்குள்ள பொதைஞ்சி கெடக்கிற நுனி எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா.

சரி. ஒங்ககிட்ட மறைச்சி என்னா ஆவப் போவுது. எங்க அடுப்புக் கம்பிதாங்க அது. தகடு வெட்டிக் குடுத்தது பாத்திரக் கட சிங்காரம், அவனுக்கு எதுக்குன்னே தெரியாது, அவன் பேர உட்ருங்க. நாலு நாளு நிக்கட்டும், ஓவர்சியர் மறந்ததும் புடுங்கிக்கலாம்னுதான் நட்டேன். சாமி எனக்குன்னு சும்மா நிப்பாருன்னு நெனச்சேன். அவரு நெசமாவே வந்துட்டாருங்க. நேத்து ஆள் இல்லாத நேரமா பாத்து கை வெச்சேன். வரல. மண்ணு இறுகிப் போச்சின்றா ஜெயம்மா. நான் கைய எட்த்துட்டு கன்னத்துல போட்டுகினேன். காலைல மொத சூடம் நான்தானே ஏத்தறேன், நானே எப்படிப் புடுங்கறது? போர்டு உத்தரவுன்னு ஒண்ணு கையில இருந்தா, நானா எடுக்கல, எடுக்கச் சொன்னாங்கன்னு அவருகிட்ட சொல்லிக்கலாம் பாருங்க.

எங்க கொண்டு போயி வெக்கிறதா? போர்டு ஆபீசு வாசல்ல மூணு அடி எடம் காலியாத்தான் கெடக்குது. அத்தயும் ஒரு வரி சேத்துருங்க.

சிரிக்காதீங்க ஐயா, எழுத்து ஆடுது. எதிர்மனுதாரர் பேருங்களா? மேல ஒரு தரம் எழுதினீங்க இல்ல, துளசிங்கம், டிபன் கடை, சன்னதித் தெருன்னு. அத்தயே கீழயும் எழுதிருங்க. கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க, ரெண்டு பேருக்கும் சேத்து நானே போட்டுட்றேன்.