பள்ளத்தாக்கைப் பார்த்த கண்ணாடி

ஏற்காட்டில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, ஜன்னலைச் சின்னதாக வைப்பது. குளிருக்குப் பயந்து அப்படிச் செய்கிறார்கள். பணத்தைக் கொட்டி மலையில் இடம் வாங்கிவிட்டு, மலையைப் பார்க்க ஒரு முறம் அகலத்துக்கு ஓட்டை வைத்துக்கொள்வார்கள். உங்கள் ஸ்டேஷனிலும் அப்படித்தான் இருக்கிறது. குறை சொல்வதாக நினைக்காதீர்கள் சார், தொழில் பழக்கம்.

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆனால் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

நான் மெட்ராஸில் பெரிய பெரிய வீடுகளை வடிவமைத்தவன். பத்திரிகைகளில் படம் வந்திருக்கிறது. அடையாறில் ஒரு டாக்டருக்குச் செங்கல் தெரிகிற மாதிரி ஒரு வீடு கட்டினேன். இரண்டு வருடம் கழித்துப் போனால், வாசல் சுவர் முழுக்கக் குளியலறை டைல்ஸ் ஒட்டி வைத்திருந்தார். கழுவச் சுலபமாம். சினிமா எடுக்கிற ஒருவர் முற்றத்துக்கு மேலே அலுமினியத் தகடு போட்டு மூடி, அடியில் காரை நிறுத்தினார். நான் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. வீடு அவர்களுடையது என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்துவிடுவேன். ஆனால் அந்த வீட்டுப் பக்கம் மறுபடி தலைகாட்ட மாட்டேன்.

குழந்தைவேலு என்னைத் தேடி வந்தது எண்பத்தாறில். சேலத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை வைத்திருந்தவர். கிளியூர் போகிற வழியில் பழைய காப்பித் தோட்டம் ஒன்றை வாங்கியிருந்தார். "உங்க இஷ்டத்துக்குக் கட்டுங்க. மெட்ராஸ்காரங்க வந்து பாத்தா வாயைப் பொளக்கோணும். அவ்வளவுதானுங்க" என்றார். என் வாழ்க்கையில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். நல்ல மனிதர். அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன்.

வீட்டை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஆனால் அன்றைக்கு நீங்கள் பார்க்கிற நிலையில் இல்லை. இரண்டு பக்கமும் இந்த மலைக் கல்லில் சுவர். நடுவே ஒரே நீளக் கூடம். கூடத்தின் மத்தியில் கணப்பு, அதற்கு மேலே கூரையைத் தாண்டிப் போகிற கல் புகைபோக்கி. பள்ளத்தாக்குப் பக்கம் சுவரே கிடையாது. தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே கண்ணாடி. முதலில் வந்த கண்ணாடி கொண்டை ஊசி வளைவில் லாரி திரும்பும்போது நொறுங்கிப் போயிற்று. இரண்டாவதை வைக்கோல் சுற்றி, மலையின் மறுபக்கத்துக் குப்பனூர் பாதை வழியாக லாரியை ஊர விட்டுக் கொண்டுவந்தோம். நான் கூடவே நடந்து வந்தேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடிதான் கூரையைத் தாங்குகிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அது எதையும் தாங்கவில்லை. கூரை இரண்டு கல் சுவர்கள் மேல் நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைவேலுவின் மனைவி பார்வதிக்கு மூச்சு இழுப்பு உண்டு. விறகுப் புகை ஆகாது. அதனால் அந்தக் கணப்பில் கரி மட்டும்தான். கரியில் புகை வராது, ஆனால் வாசனையே இல்லாத அதன் நச்சுக் காற்று வெளியே போக வழி வேண்டும். பனிமூட்டம் உள்ளே வராதபடி கதவுகளை இறுக்கமாகப் பூட்டுகிற மாதிரி செய்திருந்தேன். புகைபோக்கிக்குள் ஒரு இரும்புத் தகடு, அதைத் திருப்ப வெளியே ஒரு கைப்பிடி. கைப்பிடி மேலே இருந்தால் வழி திறந்திருக்கிறது, கீழே இருந்தால் மூடியிருக்கிறது. நெருப்பு மூட்டும் முன் மேலே தள்ள வேண்டும். பார்வதி அம்மாவுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாளும் அவர் தவறியதில்லை.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஐயாக்கண்ணுவும் அவர் மனைவி அத்தாயியும் இருந்தார்கள். கிளியூர்க்காரர்கள். கேட்டுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு சின்ன வீடு.

இப்போது எங்கே பார்த்தாலும் வாஸ்து, பார்க்கிறீர்கள் அல்லவா. சேலத்தில் நல்ல நல்ல வீடுகளை எல்லாம் வாசலை மாற்றி, படிக்கட்டை இடித்து, பல் பிடுங்கின வாய் மாதிரி ஆக்கிவிட்டார்கள். அந்த நோய் போன மாதம் மலையேறி வந்தது. குழந்தைவேலுவின் பையனுக்குப் பெண் அமையவில்லை. பையன் பெங்களூரில் இருக்கிறான், அவனுக்கு இந்த வீட்டைப் பற்றியும் கவலை இல்லை, கல்யாணத்தைப் பற்றியும் கவலை இல்லை. கவலையெல்லாம் அம்மாவுக்குத்தான். யாரோ ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் கூடத்தில் காலை வைத்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

"தப்பா நெனைக்காதீங்க இஞ்சினியருங்க" என்றார் குழந்தைவேலு. "ஊடு நொம்ப அழகுங்க, அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்லை. ஆனா நடுவூட்டுல நெருப்பு எரிஞ்சா வம்சம் தழைக்காதுன்னு சொல்லிப்போட்டாருங்க. கணப்பை இடிச்சுப்போட்டு, அந்தக் கண்ணாடிப் பக்கம் பாதிக்குச் செவுரு எழுப்போணுமாம். தெக்க காலியா இருக்கக் கூடாதாம்."

பார்வதி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வர்ற பொண்ணெல்லாம் தட்டிப் போவுதுங்க. நான் யாருகிட்டப் போயி அழுவேன்?"

நான் பொறுமையாகத்தான் பேசினேன். புகைபோக்கியை எடுத்தால் வீட்டுக்கு முதுகெலும்பு போய்விடும் என்றேன். கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள், இடிக்க நாளும் குறித்துவிட்டார்கள். அப்போது எனக்கு வந்தது கோபம் இல்லை. பயம். இத்தனை வருடத் தொழிலில் கெடாமல் மிஞ்சியிருந்தது இந்த ஒரு வீடு. இதுவும் போனால் நான் எதையுமே கட்டவில்லை என்றுதானே அர்த்தம்?

"வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள், நானே இடித்துத் தருகிறேன்" என்றேன். அவ்வளவு சந்தோஷப்பட்டார்கள். குழந்தைவேலு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இடிப்பதற்கு முந்தின இரவு, அந்தக் கணப்பில் கடைசியாக நெருப்பு மூட்டி, கூடத்திலேயே படுத்து, அக்கினியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லியிருந்தார். இதை நான் ஏற்பாடு செய்யவில்லை. அவர்களே செய்துகொண்டது. நான் செய்தது ஒன்றே ஒன்று. அன்று சாயங்காலம் அளவெடுக்கப் போகிற சாக்கில் போய், அந்தக் கைப்பிடியைக் கழற்றித் தலைகீழாக மாட்டினேன். இனி மேலே தள்ளினால் வழி மூடிக்கொள்ளும். அத்தாயி விளக்குமாற்றோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ரிப்பேருங்களா சாமி?"

"ஆமாம்" என்றேன்.

"நாளைக்கு இடிக்கப் போறதை இன்னைக்கு எதுக்குங்க ரிப்பேரு பண்ணோணும்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது பார்வதி அம்மா வாசல் வரை வந்தார். "ரெட்டைப்படையாப் படுக்கக் கூடாதாமுங்க. மூணு பேரா இருக்கோணுமாம். அத்தாயியை உள்ள படுக்கச் சொல்லியிருக்கறேன்" என்றார். நான் படியில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். "நல்லதுங்க, கதவை நன்றாகச் சாத்திக்கொள்ளுங்கள், பனி அதிகம்" என்று சொல்லிவிட்டு ஒண்டிக்கடை முக்கில் நான் எடுத்திருந்த அறைக்குப் போய்விட்டேன். தூக்கம் வந்ததா என்று நேற்று கேட்டீர்கள். வந்தது.

காலையில் நான் போனபோது ஐயாக்கண்ணு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி முழுக்க உள்பக்கம் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது. அதில் கீழே, தரையோரமாக, ஒரு கை அளவுக்கு மட்டும் துடைத்திருந்தது. அந்த இடத்தில் ஒரு உள்ளங்கை தெரிந்தது. அது மெதுவாக அசைந்தது.

"அத்தாயி கைங்க" என்றார் ஐயாக்கண்ணு. "வளையல் தெரியுதுங்களே. ஆடுதுங்க, உசுரு இருக்குதுங்க." ஓடிப்போய்க் கடப்பாரையைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு ஓங்கினார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். "ஐயாக்கண்ணு, பொறுங்க. கூரையே இந்தக் கண்ணாடி மேலதான் நிக்குது. இதை உடைச்சா மொத்தமும் உள்ளே இருக்கறவங்க தலையில இறங்கிடும். இடிக்கிற வேலைக்குக் கொடுத்த இன்னொரு சாவி என் அறையில இருக்கு, எடுத்துட்டு வரேன்."

அவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். வீட்டைக் கட்டினவனே சொல்லும்போது அந்த மனிதர் வேறு என்ன செய்வார்? கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். "சுருக்கா வாங்க சாமி" என்றார்.

நான் ஓடவில்லை. மேட்டுப் பாதை, எனக்கும் வயதாகிறது. ஒண்டிக்கடையில் டீக்கடைக்காரர் தெரிந்தவர், கூப்பிட்டார், ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்தபோது ஐயாக்கண்ணு கண்ணாடிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். உள்ளே அவள் கை இருந்த இடத்துக்கு நேராக, வெளியே தன் கையை வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த கை அசையவில்லை.

அவரிடம் விசாரித்த பிறகுதான் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்: சாவி அறையில் இருந்ததா? எங்கே வைத்தேன் என்பதைப் பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று முதலில் சொன்னேன். அது பொய். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்தப் பையை ஐயாக்கண்ணு பார்த்தபடியேதான் நின்றிருந்தார், பாவம். கதவைத் திறந்திருந்தால் கண்ணாடிக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, அத்தாயியும் பிழைத்திருக்கலாம். ஆனால் பிழைத்தவள், கைப்பிடி ரிப்பேரைப் பற்றிச் சொல்லியிருப்பாள். ஆக மூன்று பேரையும் கொன்றது நான்தான். அத்தாயியை இரண்டு தடவை கொன்றேன் என்று நீங்கள் சொன்னீர்கள்; நானும் மறுக்கவில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

என்னை மிருகம் என்கிறார்கள் வெளியே. நான் என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டவன், அவ்வளவுதான். வீடு இன்றைக்கு முழுசாக நிற்கிறது. பையன் பூட்டிவிட்டுப் போய்விடுவான். யாரும் இனி அங்கே சுவர் எழுப்ப வர மாட்டார்கள்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். கதவைத் திறந்து உள்ளே போனதுமே, அத்தாயியின் கையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, உள்பக்கத் தடத்தை என் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். வெளிப்பக்கம் ஐயாக்கண்ணுவின் கைத்தடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைத் துடைப்பதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாராவது ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள் சார். காலை வெயிலில் அது ஒன்றுதான் பள்ளத்தாக்கை மறைக்கிறது.