அரசியின் படகு போன பிறகு

ஓடுகிறோம். மணல் காலை இழுக்கிறது. பின்னால் ஓலைக் குடிசைகள் எரிகின்றன. முன்னால் கடல். என் இடுப்பில் குழந்தை மாதிரிக் கட்டிய துணி மூட்டை. யாரோ கத்துகிறார்கள்: “குனி, குனி.”

பிறகு அந்தச் சத்தம். முதலில் காற்றைக் கிழிக்கும் ஒரு இழுப்பு. பிறகு நெஞ்சுக்கூட்டுக்குள் அடி.

விழுந்தேன். மூட்டையை வயிற்றுக்குக் கீழே தள்ளினேன். இரண்டு கையாலும் மணலைத் தோண்டினேன்.

“யக்கா, எந்திரி. இன்னா, நெசமாவே தோண்டிகினு கீற? ஷூட்டிங் வெடி யக்கா அது.”

மல்லிகாவின் குரல். திருவிடந்தையில் மீன் விற்பவள். நான் இலங்கையில், வன்னியில் பிறந்தவள். சண்டை முடிந்தபின் படகில் வந்து, இங்கே அகதி முகாமில் இருக்கிறேன். அன்று இருவரும் மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய கரையில், ஒரு சினிமாவில் கூட்டமாக ஓடப் போயிருந்தோம்.

படம் கொற்றநங்கை என்ற அரசியைப் பற்றியது. உதவி இயக்குநர் காலையிலேயே கதையைச் சொல்லியிருந்தார். மன்னனுக்கு ஒரே மகள். சாகும் முன் அவளுக்கே முடி சூட்டினான். சித்தப்பா மகன் ஒப்பவில்லை. பெண்ணுக்கு அரியணை கிடையாது என்றான். மந்திரிகளில் பாதிப் பேர் அவன் பக்கம் போனார்கள். அவள் கோட்டைக்குள் இருந்தபடி ஆண்டாள். கோட்டையை வளைத்தார்கள். அரிசி தீர்ந்தது. குதிரைகளைத் தின்றார்கள். கடைசியில் தன் மக்களோடு கடலுக்கு ஓடினாள். துறையில் ஒரே ஒரு படகு. ஏறித் தப்பினாள். அக்கரையில் கிழவியாகிச் சாகும்வரை தன்னை அரசி என்றே சொல்லிக்கொண்டாள். சொந்த மண்ணை மறுபடி மிதிக்கவில்லை.

“கரையில நிண்ட சனத்துக்கு என்ன நடந்தது, தம்பி?” என்று அப்போதே கேட்டேன்.

“படகு கெளம்பினதும் சீன் கட், அக்கா. கதை அரசியோடதுதானே.”

இப்போது அவர் மூச்சிரைக்க ஓடிவருகிறார்.

“அக்கா, டைரக்டருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இன்னொரு தடவை போலாம். விழுறீங்க. எழுறீங்க. குழந்தையை மணல்ல விட்டுட்டுப் படகுப் பக்கம் ஓடுறீங்க.”

“விடமாட்டன், தம்பி.”

“உள்ள வைக்கோல்தான், அக்கா.”

“தெரியும்.”

மல்லிகா நடுவில் வந்தாள். “அதான் மாட்டேன்னு சொல்லுதுல்ல. வுட்டுடு. வேற யாரையாவது பாத்துக்க.” மூட்டையை மெல்ல வாங்கி அவரிடம் கொடுத்தாள். என்னைத் தோப்பு நிழலுக்கு அழைத்துப் போனாள். எதுவும் கேட்கவில்லை. அதனாலேயே சொன்னேன். முதல் தடவையாக.

அது சண்டையின் கடைசிச் சித்திரை. அங்கேயும் முன்னால் கடல். பின்னால் போக வழியில்லை. கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறோம். தூரத்தில் ‘தும்’ என்று ஒரு குத்து. அதன் பின் ஷெல்லின் விசில். விசில் நின்றால் தலைக்கு மேல் என்று அர்த்தம். விசில் நின்றது. “படுங்கோ” என்று என் மூத்தவள் கத்தினாள். அவளிடமிருந்து நான் கேட்ட கடைசிச் சொல்.

எழுந்து உட்கார்ந்தேன். மடியில் சின்னவன். உடம்பு சூடாக இருந்தது. மூச்சு இல்லை. நடுவிலாள் என் பாவாடையைப் பிடித்திருக்கிறாள். அவள் கால் முழுக்க ரத்தம். நடக்க ஏலாது. மறுபடி ‘தும்’. அவளைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். சின்னவனை மணலில் கிடத்தினேன். என் சால்வையால் முகத்தை மூடினேன். ஓடினேன்.

நடுவிலாள் பிழைத்தாள். இன்று செங்கல்பட்டில் மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்கிறாள். கொஞ்சம் நொண்டுவாள்.

கரையில் ஒலிபெருக்கி அலறியது. வேறொரு பெண் மூட்டையை மணலில் வைத்துவிட்டு ஓடினாள். படகு புறப்பட்டது. அரசி நிமிர்ந்து நின்றாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

“அந்தம்மா திரும்பிக்கூடப் பாக்கல,” என்றாள் மல்லிகா.

“பார்த்தா போக ஏலாது,” என்றேன்.

கரையில் நின்றவர்களின் கணக்கை அந்தப் படம் சொல்லாது. எங்கள் கரையின் கணக்கில் என் வீட்டுப் பங்கை நான் சொல்கிறேன். மூத்தவள், பதினொரு வயது. சின்னவன், இரண்டு பல் முளைத்திருந்தது. கஞ்சி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மாமி. தங்கச்சியும் அவள் புருஷனும், ஒரே பங்கர்க் குழிக்குள். கல்வீடு. தையல் மெஷின். என் இடது காது.

என் புருஷனிடம் ராணுவச் சோதனைச் சாவடியில் பெயர் கேட்டார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொல்லிக் கூட்டிப்போனார்கள். இதுவரை யாரும் எனக்கு ஒரு உடலைக் காட்டவில்லை. அவரை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.