பல் டாக்டர், தொண்ணூத்தி நாலு தடவை

ஹலோ... மூக்குக்கண்ணாடிக் கடை சார்தானே?... சார், நான்தான், ஞாயித்துக்கிழமை உங்க வண்டிய வாங்கிட்டுப் போனேனே, நாய்க்கு முடி வெட்டுறவ... ஆமா ஆமா, அதே நீல வண்டிதான்... இல்ல சார், வண்டி ஜோரா ஓடுது... டயரா? டயர் நாலும் இருக்கு சார், எண்ணிப் பார்த்துட்டேன். பிரச்சினை வண்டில இல்ல. உங்ககிட்ட.

கடைல யாரும் இருக்காங்களா?... எழுத்துப் பலகையப் படிச்சிட்டிருக்காரா. படிக்கட்டும். கடைசி வரி வரைக்கும் மெதுவா படிக்கச் சொல்லுங்க, உங்களுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். நான் வரிசையா சொல்றேன், நடுவுல பேசாதீங்க. எங்கிருந்து பேசறேன்னு இப்பக் கேக்காதீங்க.

சார், வண்டியோட முன்கண்ணாடில ஒரு ஜிபிஎஸ் ஒட்டி வச்சிருந்தீங்களே... ஆமா, அந்த வழி சொல்ற பொட்டி. 'எனக்கு வேண்டாம்மா, நீயே வச்சுக்கோ'ன்னு பெருந்தன்மையா குடுத்தீங்க. குடுத்தது சரி. உள்ள இருந்ததைத் தொடைச்சிட்டுக் குடுத்தீங்களா?... ம்... அப்படித்தான் நெனச்சேன். யாருக்கும் தெரியாம ஒரு காரியம் பண்றவருக்கு இந்த அளவு கூடவா ஜாக்கிரதை வேண்டாம்?

சொல்றேன், சொல்றேன். நான் இந்த ஊருக்குக் குடிவந்து ஒரு மாசம்தான் ஆச்சு. எனக்கு என் தெருவே இன்னும் மனசுல நிக்கல. இன்னைக்குக் காலைல ஒரு நாயைக் குளிப்பாட்டி முடிச்சேன். அது என்னையும் சேர்த்துக் குளிப்பாட்டிடுச்சு. மூணு மணிக்கு ஒரு பொமரேனியன் காத்திட்டிருக்கும், அதுக்குள்ள வீட்டுக்குப் போய்த் துணி மாத்தலாம்னு அந்தப் பொட்டில 'வீடு'ன்னு இருந்ததை அமுக்கினேன். அமுக்கும்போது அது யார் வீடுன்னு யோசிக்கணுமில்ல, யோசிக்கல. பொட்டிக்குள்ள இருக்கற அம்மா 'முந்நூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்'னு அவ்ளோ மரியாதையா சொன்னாங்க. நானும் திரும்பிட்டே இருந்தேன். கடைசில 'நீங்கள் சேருமிடம் வந்துவிட்டது'ன்னாங்க. நிமிர்ந்து பார்த்தா பச்சை கேட்டு, கேட்டுக்குள்ள ஒரு அக்கா கொடில துணி உலர்த்திட்டிருக்காங்க...

ஆமா சார். உங்க வீடு. உங்க வீட்டம்மா.

...இருங்க, இருங்க. இன்னும் ஒண்ணுமே நடக்கலியே, அதுக்குள்ள ஏன் இருமறீங்க?

அவங்க வண்டியப் பார்த்ததும், வித்த வண்டிய இந்த மனுஷன் திரும்ப வாங்கிட்டு வந்துட்டாரான்னு வேகமா வந்தாங்க. உள்ள என்னைப் பார்த்தாங்க. ஈரத் துணியோட, தலையெல்லாம் நாய் முடியோட. நான் நடந்ததைச் சொன்னேன். சிரிச்சாங்க சார், நல்லா வாய்விட்டுச் சிரிச்சாங்க. உள்ள கூப்பிட்டு, துண்டு குடுத்து, அவங்க சட்டை ஒண்ணையும் குடுத்தாங்க. இப்ப நான் போட்டிருக்கிறது அதுதான். உங்களுக்குக் கண்ணு மங்கலாகி ஒரு தடவை தபால்பெட்டிய இடிச்சதையும், அதுக்கப்புறம் அவங்கதான் வண்டிய வித்தே தீரணும்னு நின்னதையும் சொன்னாங்க. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடறவரு அவரு கண்ணைப் பார்க்க மாட்டேங்கறாருன்னு குறைப்பட்டுக்கிட்டாங்க. தங்கமானவங்க சார் அவங்க.

அங்கயே கிளம்பியிருக்கணும். கிளம்பல. இன்னொரு தடவை இப்படி வந்து நிக்கக்கூடாதே, உங்க இடமெல்லாத்தையும் அழிச்சிடலாம்னு பொட்டியக் கழட்டிட்டு வந்தேன். எது வேணும் எது வேண்டாம்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்கக்கான்னு அவங்க கையில குடுத்துட்டேன்... தெரியும் சார், என் தப்புதான். அந்த நேரத்துல எனக்கு என்ன தெரியும்?

அவங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சாங்க. வீடு, அழி. கடை, அழி. பொண்ணு வீடு, அழி. அப்புறம் 'பல் டாக்டர்'னு படிச்சாங்க. நின்னுட்டாங்க. பக்கத்துல எத்தனை தடவை போயிருக்கீங்கன்னு ஒரு எண்ணு இருக்கும் சார், கவனிச்சிருக்கீங்களா? தொண்ணூத்தி நாலு.

என்னைப் பார்த்து, 'இவருக்கு ஏதும்மா பல்லு? மேல கீழ ரெண்டையும் ராத்திரி கழட்டி டம்ளர்ல போட்டுட்டுத் தூங்கறவரு. ஒரு பல்லுகூட இல்லாத மனுஷன் தொண்ணூத்தி நாலு தடவை பல் டாக்டர்கிட்டப் போய் எதைக் காமிச்சாரு?'ன்னாங்க.

...சார். சார்? லைன்ல இருக்கீங்களா?... ம். நானும் சிரிப்பை அடக்கிட்டுத்தான் இருந்தேன். கடைசியா போன தேதியத் தட்டிப் பார்த்தாங்க. வியாழக்கிழமை. அதுக்கு முன்னாடியும் வியாழக்கிழமை. வியாழன்னா நீங்க கடைக்கு ஃபிரேம் எடுக்கப் போறதா சொல்லிட்டுப் போவீங்களாமே?... அதான் கேட்டேன். அதோட எனக்குச் சிரிப்பு நின்னுடுச்சு. உங்க வீட்டம்மா கொடில பாதி துணிய அப்படியே விட்டுட்டு, வீட்டைப் பூட்டிட்டு, வந்து முன்சீட்டுல உக்காந்துட்டாங்க. 'அழிக்காதே, அமுக்கு'ன்னாங்க.

அமுக்காம என்ன பண்றது சார்? அவங்க சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

...ஆமா, போனோம். போனை வீட்லயே விட்டுட்டு வந்துட்டாங்க, அதான் நீங்க கூப்பிட்டப்ப எடுக்கல. வழியெல்லாம் அந்தப் பொட்டிதான் பேசிட்டு வந்துச்சு. 'வலப்பக்கம் திரும்பவும், நேராகச் செல்லவும்.' பாலத்துக்கிட்ட மட்டும் உங்க வீட்டம்மா அதைப் பார்த்து, 'இவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல'ன்னாங்க. அங்க போய் எந்தக் கதவு திறக்கும், யாரு வந்து நிப்பான்னு நெனச்சுக்கிட்டே கியர் மாத்தறேன். ஒரு சண்டை வந்தா நான் யாரைப் பிடிக்கணும்? நாய்ச் சண்டைன்னா தண்ணியை ஊத்திடுவேன்.

போய் நிறுத்தினா, ஒரு அடுக்குமாடிக் கட்டடம். கீழ் வீடு. வண்டிச் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்துக்கிட்டு, நைட்டில, அம்பது வயசு இருக்கும், ஒரு அம்மா சிரிச்சுக்கிட்டே வராங்க. 'என்ன சார், இன்னைக்கு செவ்வாய்க்கிழமையே வந்துட்டீங்க'ன்னு.

...நீங்க ஏன் சார் தலைல அடிச்சுக்கறீங்க, சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. நான் என்ன பாடு பட்டிருப்பேன், அதை நெனச்சுப் பாருங்க. உங்க வீட்டம்மா இறங்கினாங்க. இறங்கி, அந்தம்மாவை மேலருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை. நான் சாவியைக் கையில இறுக்கிப் பிடிச்சிட்டேன். 'அவரு வரல, அவரு பொண்டாட்டி வந்திருக்கேன்'ன்னாங்க. அந்தம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? கைய ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு, 'வந்துட்டீங்களா, பெரியவரு எத்தனை நாளா கேட்டுட்டிருக்காரு'ன்னு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க.

ஆமா சார். இப்ப அங்கதான் இருக்கேன். உங்க அண்ணன் வீட்லதான். அந்த நைட்டியம்மா அவரைப் பார்த்துக்கறவங்கன்னு உள்ள போனப்புறம்தான் தெரிஞ்சுது. அண்ணன் பொண்ணு வேலைக்குப் போயிருக்கு.

...

...சரி. சரி சார். மூச்சு விடுங்க. ஒரு நிமிஷம் ஆகட்டும்.

...ம்... ம்... சொன்னாங்க, செவுரு கதையெல்லாம் சொன்னாங்க. உங்க வீட்டம்மா புதுசா கட்டின காம்பவுண்ட் செவுரை உங்க அண்ணன் ரிவர்ஸ் எடுத்து இடிச்சதும், இறங்கி வந்து 'ரோட்டுல செவுரு கட்டினது யாரு'ன்னு கேட்டதும். இந்த வாசல்ல இனிமே கால் வைக்காதீங்கன்னு இவங்க. வைக்கலன்னு அவரு. பதினோரு வருஷமா சார்? ஒரு செவுருக்கு?... இல்ல, நான் யாரையும் சொல்லல. எங்க வீட்ல ஒரு மிக்ஸிக்காக எட்டு வருஷம் ஓடுச்சு.

உள்ள நடந்ததா? சொல்றேன். ஜன்னலோரமா சக்கர நாற்காலில இருந்தாரு. இவங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாரு, முடியல. உடனே பக்கவாதத்துல விழுந்துபோன கைய நல்ல கையால எடுத்து, துண்டைப் போட்டு மூடினாரு. அதைத்தான் சார் உங்க வீட்டம்மாவால பார்க்க முடியல. அப்படியே திரும்பி வெளிய வந்துட்டாங்க. இந்த நடைல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. என்கிட்ட சொன்னாங்க... இருங்க, அப்படியே சொல்லணும்னு சொல்லியிருக்காங்க.

'நான் என்ன பேயா? ஒரு மனுஷன் ஒரு பக்கம் விழுந்து ரெண்டு வருஷமா கெடக்கறாரு, அதை என்கிட்ட சொன்னா கடிச்சிருவேனா? கூடப் பொறந்த அண்ணனைப் பார்க்க திருடன் மாதிரி போயிட்டு வந்திருக்காரே, அவ்ளோ பயமாவா என்னை வச்சிருந்தாரு?'

அவ்ளோதான். 'நீயே போன் பண்ணிச் சொல்லு, நான் பேசினா போன் உடையும்'னாங்க. அதான் கூப்பிட்டேன்.

...என்கிட்ட ஏன் சார் மன்னிப்பு கேக்கறீங்க?... புரியுது. சொன்னா போகக்கூடாதுன்னுடுவாங்களோன்னு பயம்... ம்... கூட்டிட்டு வந்தா அண்ணன்கிட்ட பழைய சண்டை திரும்பக் கெளம்பிடுமோன்னு அந்தப் பக்கமும் பயம்... ரெண்டு பக்கமும் பயந்துக்கிட்டு நடுவுல நீங்க பல்லு பிடுங்கிட்டிருந்தீங்க. சரி. வண்டியும் போச்சே, நாளை மறுநாள் எப்படி வரதா இருந்தீங்க?... ரெண்டு பஸ் மாறியா? அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு பஸ் நம்பரைப் படிச்சிருப்பீங்களாக்கும்.

இல்ல, கோவிச்சுக்கல. சும்மா சொன்னேன்.

சார், இன்னொரு விஷயம். அவருக்கு முடி வெட்டினது யாரு?... நீங்களா. நெனச்சேன். ஒரு காதுக்கு மேல வழிச்சிருக்கு, இன்னொரு காதையே காணோம். என் தொழில்ல ஒரு நாயை இப்படி அனுப்பினா வீட்டுக்காரங்க திரும்ப வந்து கடிப்பாங்க. உங்க வீட்டம்மாவும் அப்புறம் உள்ள போனப்ப அதைத்தான் பார்த்தாங்க. வந்து, 'உன் மெஷின் வண்டில இருக்கா'ன்னு கேட்டாங்க. அக்கா, அது நாய்க்கு வெட்டுறதுன்னேன். 'பரவாயில்ல, எங்க வீட்டு ஆளுதான்'னாங்க... சிரிங்க சார், சிரிக்கலாம். உங்க அண்ணனுக்கும் கேட்டுடுச்சு, பாதி முகத்துல சிரிச்சாரு. புது பிளேடு போட்டு, கழுவித் தொடைச்சுத்தான் குடுத்திருக்கேன், பயப்படாதீங்க.

இப்பவா? இப்ப நான் கதவுக்கிட்ட நிக்கறேன். இவங்க மெஷினைக் கையில வச்சுக்கிட்டு அவரு முன்னாடி நிக்கறாங்க. ஆன் பண்ணல. அவரு எதோ சொல்றாரு, புரியல... இல்ல, அந்தப் பார்த்துக்கற அம்மா மருந்து வாங்கப் போயிருக்காங்க, கேக்க ஆளில்ல. 'கா'ன்னு வருது. 'கா... ஊ... கா'. நல்ல கையால பக்கத்துல கட்டிலைத் தட்டறாரு. வேகமா தட்டறாரு சார், முகமெல்லாம் சிவந்துடுச்சு.

...இவங்க வேண்டாங்கறாரு போலன்னு நெனச்சுட்டாங்க. மெஷினை என்கிட்டத் திருப்பிக் குடுக்க வராங்க. 'அவருக்கு என் கை பட வேண்டாமாம், வா போலாம்'ங்கறாங்க. இருங்கக்கா, ஒரு நிமிஷம். சார்கிட்ட கேக்கறேன். சார், உங்களுக்குத் தெரியுமில்ல, தொண்ணூத்தி நாலு தடவை கேட்டிருக்கீங்க. 'கா, ஊ, கா'ன்னா என்ன? கட்டிலைத் தட்டறாரு...

ஆமா, உள்ளங்கையாலதான்... ஆமா, இவங்களைப் பார்த்துதான்...

...ஓ.

...சரி சார்.

அக்கா. போகச் சொல்லல. உங்களை உக்காரச் சொல்றாராம்.

...

...

உக்காந்துட்டாங்க சார்.

...ம்... அவரு கண்ணைத் தொடைச்சு விடறாங்க... கையை மூடியிருந்த அதே துண்டுலதான்... ஆமா, அந்தக் கையை மூடாமதான் வச்சிருக்காரு இப்ப. ம்... ம்...

கிளம்பறீங்களா? பலகை படிச்சிட்டிருந்த ஆளு எந்த வரி வரைக்கும் வந்தாரு?... சரி, அனுப்பிடுங்க, நாளைக்கு வரட்டும். பஸ்ஸுல ஏறாதீங்க, ஆட்டோ பிடிச்சு மெதுவா வாங்க. நான் பொமரேனியன் வீட்டுக்குப் போன் பண்ணி சாயங்காலம்னு சொல்லிடறேன். சார், கேக்குதா, கடைய மட்டும் பூட்டிட்டு... ஹலோ?... ஹலோ, சார்?

வச்சுட்டாரு அக்கா. வர்றாரு.