காயம்பட்டவராக நடிப்பவர் பொன்மணி

பத்து ஊருக்குக் கேட்கும் பட்டாசைச் செய்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காமல் பேசும் பண்பாளர், இந்தக் கம்பெனியின் அதிபர், விழாத் தலைவர் ரத்தினசாமி அண்ணாச்சி அவர்களே! பாதுகாப்பைப் பற்றிப் பத்திரமான தூரத்தில் இருந்து பேச வந்திருக்கும் அதிகாரிப் பெருமக்களே! வெம்பக்கோட்டையிலிருந்து விடியுமுன் வேன் ஏறி வந்து வெயிலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஏழாயிரம்பண்ணைப் பள்ளித் தமிழாசிரியன் புகழேந்தி உங்கள் யாவரையும் வணங்குகிறேன்.

சிறந்த பாதுகாப்பு ஒத்திகைக்கான கேடயம் இந்தக் கம்பெனிக்குக் கிடைத்திருக்கிறது. ஆகவே ‘ஒத்திகை’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். ஒத்து என்பதிலிருந்து பிறந்தது ஒத்திகை. நாளை நடக்கப்போவதோடு இன்று நடப்பதை ஒத்துப் பார்ப்பது. ஆடுகிறவளின் கால் மத்தளத்தோடு ஒத்துப்போகிறதா? பாடுகிறவனின் குரல் சுருதியோடு ஒத்துப்போகிறதா? இல்லையென்றால் மேடையில் மானம் போகும். அண்ணாச்சி கை தட்டுகிறார். இருங்கள் அண்ணாச்சி, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இங்கே ஒத்திகைக்கே முந்தின நாள் ஒத்திகை உண்டு. கலை என்றால் இதுவல்லவா கலை! வருடமெல்லாம் வாசலை மறித்து நிற்கும் அட்டைப்பெட்டிகள் அன்று மட்டும் மாயமாகும். வாளிகளில் மணல் நிறையும். அபாயச் சங்கு ஊதும். எல்லாரும் வரிசை குலையாமல் வெளியேற, இங்கே வேலை பார்க்கும் பொன்மணி மட்டும் அறைக்குள் விழுந்து கிடப்பார். ஆண்டுதோறும் காயம்பட்டவர் வேடம் அவருக்குத்தான். அந்த முனகல் இருக்கிறதே, அத்தனை தத்ரூபம்! இருவர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போக, அதிகாரிகள் படம் பிடிக்க, மாரிச்செல்வி டீ கொடுக்க, இனிதே நிறைவுறும்.

போன ஆவணி, சீசன் நேரம். பொன்மணி இருந்த அறைக்குப் பக்கத்து அறையில் வெடிமருந்து உரசித் தீப்பிடித்தது. சங்கு ஊதியது. எல்லாரும் பெட்டிகளைத் தாண்டி விழுந்தடித்து ஓடினார்கள். பொன்மணி என்ன செய்தார்? வழக்கமான இடத்தில் வழக்கம்போலப் படுத்துக்கொண்டார். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். ஸ்ட்ரெச்சர் வருமென்று கண்ணை மூடிக் காத்துக் கிடந்தார். ஸ்ட்ரெச்சர் எங்கே இருந்தது? அழுக்குப்படக் கூடாதென்று ஆபீசில் பூட்டி வைத்திருந்தார்கள்.

புகைக்குள் புகுந்தவர் மாரிச்செல்வி. டீ போடப் போனதால் ஒரு ஒத்திகையிலும் வேடம் கிடைக்காதவர். பொன்மணியின் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாராம்.

“ஏத்தா, எந்திரிடி! இது நெசம்!”

இழுத்து வந்ததில் மாரிச்செல்வியின் வலக்கை வெந்துபோனது. அதோ, மூன்றாவது வரிசையில் சேலைத் தலைப்பால் கையை மூடி உட்கார்ந்திருக்கிறார். மேடைக்கு ஏன் அழைக்கவில்லை என்று விசாரித்தேன். அழைப்பிதழில் இடமில்லையாம்.

பொன்மணியின் மகள் என் மாணவி. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பொன்மணியைப் பார்த்தேன். ஏன் தாயி ஓடவில்லை என்று கேட்டேன்.

“சங்கு ஊதுனா எனக்குப் படுக்கத்தானய்யா தெரியும். ஓடச் சொல்லி யாருமே சொல்லலியே.”

அதைக் கேட்டுவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

அவையோரே! ஒத்திகை எதை ஒத்திருக்க வேண்டும்? அழைப்பிதழையா? அதிகாரியின் வசதியையா? நெருப்பை ஒத்திருக்க வேண்டும்! நெருப்பு தேதி சொல்லிவிட்டு வருமா? ஆர்டர் குவிந்து கை ஓயாத நாளில் ஊதுங்கள் சங்கை! அதிகாரி வராத நாளில் ஊதுங்கள் சங்கை! வாசலில் பெட்டி கிடக்கும் நாளில் ஊதுங்கள் சங்கை! யார் தடுக்கி விழுகிறார் என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அண்ணாச்சி, கேடயத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பொன்மணிக்கு ஓடுகிற வேடம் கொடுங்கள்.

மைக்கை இன்னும் அணைக்காத சவுண்டு சர்வீஸ் தம்பிக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். பொன்மணி, மாரிச்செல்விக்குப் பக்கத்தில்தானே இருக்கீக? அடுத்த தடவை சங்கு ஊதுனா ஓடிருங்க தாயி. யாரும் தூக்க வர மாட்டாக.